முழுத்தாடைப் பற்பாலங்களின் பொருட்கள்: ஒரு விமர்சனப் பார்வை

முழுத்தாடைப் பற்பாலம் என்பது, ஒரு தாடையில் பற்கள் அனைத்தையும் இழந்தவருக்கு, எலும்பில் பதித்த உள்வைப்புகளின் மீது திருகாணிகளால் பொருத்தப்படும் ஒரே தொகுதியான செயற்கைப் பல்வரிசையைக் குறிக்கும். கழற்றி மாட்டும் பல்செட்டைப் போல் இதை நோயாளியே கழற்ற முடியாது. பல் மருத்துவர்தான் திருகாணிகளை அவிழ்த்து எடுக்க வேண்டும். இம்ப்ளாண்ட் என்று மக்கள் வழக்கில் வழங்கும் உள்வைப்பு பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனது. அதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதன் மேல் அமரும் பாலத்தின் பொருள்தான் கடந்த அறுபது ஆண்டுகளில் மாறிக்கொண்டே வந்துள்ளது: தங்கக் கலவை, அக்ரிலிக், கோபால்ட்-குரோமியம், டைட்டானியம், பீங்கான், சிர்கோனியா, பீக்.

இப்பொருட்களைப் பற்றி மருத்துவமனை விளம்பரங்களிலும் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலும் சொல்லப்படுபவற்றில் ஒரே ஒரு கேள்விதான் ஆட்சி செய்கிறது: எது மிக உறுதியானது? இக்கட்டுரை அந்தக் கேள்வியையே விமர்சனத்துக்கு உட்படுத்துகிறது. பல ஆண்டுகள் வாயில் உழைக்கும் எந்தத் தொகுதியிலும் ஏதோ ஒன்று தேயும், தளரும் அல்லது உடையும். ஆகவே பொருளைத் தேர்வது என்பது, எந்தப் பகுதி முதலில் பழுதாக வேண்டும் என்பதைத் தேர்வதே ஆகும். அவ்வாறு பழுதாகும் பகுதி மலிவானதா, கண்ணுக்குத் தெரிவதா, அறுவை இல்லாமல் சரிசெய்யக் கூடியதா என்பதே பயனுள்ள அளவுகோல். உறுதி அதில் ஒரு பங்கு மட்டுமே.

இயற்கைப் பல்லிலிருந்து வேறுபாடு

இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையில் பல்சூழ் இழைநார் என்ற மெல்லிய படலம் உள்ளது. கடிக்கும்போது அது அமுங்கிக் கொடுப்பதால் பல் செங்குத்தாகச் சுமார் 25 முதல் 100 மைக்ரான் வரை அசையும். அந்த நாரில் உள்ள நரம்பு முனைகள் கடியின் விசையை உடனே உணர்த்துகின்றன. சோற்றில் கல் அகப்பட்டால் தாடை தானாகவே நின்றுவிடுவது இதனால்தான்.

உள்வைப்பில் இந்த நார் இல்லை. எலும்பு டைட்டானியத்தின் மேற்பரப்போடு நேரடியாக இணைந்து வளர்கிறது. அதன் அசைவு 3 முதல் 5 மைக்ரான் அளவே. விசையை உணரும் திறனும் குறைவு. எனவே முழுத்தாடைப் பாலம் அணிந்தவர் தம்மை அறியாமலே கூடுதல் விசையோடு கடிக்க வாய்ப்புண்டு. அந்த விசையைத் தாங்க வேண்டியவை பாலம், திருகாணி, உள்வைப்பு, எலும்பு, எதிர்த்தாடையின் பற்கள் ஆகிய ஐந்தும்தான். ஒன்று விட்டுக்கொடுக்கவில்லை என்றால் சுமை மற்றொன்றின் மேல் விழும். இந்த ஐந்தில் பாலத்தை மட்டும் தனியாக எடுத்து அதன் வலிமையை அளந்து பேசுவது, மாட்டு வண்டியின் அச்சாணியை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் மெச்சுவதைப் போன்றது.

மற்றொரு வேறுபாடு அளவைப் பற்றியது. ஒற்றைப் பல்லின் உறை உடைந்தால் ஒரு பல்தான் போகும். முழுத்தாடைப் பாலத்தில் 10 முதல் 14 பற்களும் பெரும்பாலும் செயற்கை ஈறும் ஒரே துண்டாக உள்ளன. ஓரிடத்தில் விழும் முறிவு மொத்தத் தொகுதியையும் பயனற்றதாக்கலாம். ஒற்றைப் பல்லுக்குச் சிறந்தது என்று நிறுவப்பட்ட பொருளை அப்படியே முழுத்தாடைக்கு நீட்டுவது அதனாலேயே சரியான முடிவாகாது.

கோதன்பர்க் மரபு: தங்கச் சட்டமும் அக்ரிலிக்கும்

சுவீடனின் பேர்-இங்வார் பிரோனமார்க், 1950களில் முயல்களின் எலும்பில் டைட்டானியக் கருவிகளைப் பொருத்திச் செய்த ஆய்வின்போது எலும்பும் டைட்டானியமும் பிரிக்க முடியாதபடி இணைவதைக் கவனித்தார். 1965இல் கோதன்பர்க் நகரில் முதல் நோயாளிக்கு டைட்டானிய உள்வைப்புகள் பதிக்கப்பட்டன. அந்த நோயாளி 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவை பயன்பாட்டில் இருந்தன.

அந்தக் காலப் பாலத்தின் அமைப்பு எளிமையானது. தங்கக் கலவையில் வார்த்த ஒரு சட்டம். அதன் மேல் அக்ரிலிக் பற்கள். சட்டத்துக்கும் ஈறுக்கும் இடையே தூரிகை நுழையும் அளவுக்கு இடைவெளி. பார்வைக்கு அது அழகாக இல்லை. பேசும்போது காற்று கசிந்தது. ஆனால் சுத்தம் செய்ய எளிதாக இருந்தது. அக்ரிலிக் பல் தேய்ந்தாலோ பெயர்ந்தாலோ ஆய்வகத்தில் குறுகிய நேரத்தில் புதுப்பல் வைக்க முடிந்தது. சட்டமும் உள்வைப்பும் அப்படியே இருந்தன. மலிவான பகுதி தேய்ந்து, விலையுயர்ந்த பகுதியைக் காத்தது.

பின்னாளில் தங்கத்தின் இடத்தைக் கணினி வழியாகக் கடைந்தெடுத்த டைட்டானியச் சட்டம் பிடித்தது. நீண்ட சட்டத்தை வார்க்கும்போது உலோகம் குளிர்ந்து சுருங்கிக் கோணலாவது பெரும் சிக்கலாக இருந்தது. முழுக்கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் முறை அதை வெகுவாகக் குறைத்தது. இந்த டைட்டானிய-அக்ரிலிக் அமைப்பே இன்றும் பலருக்குப் பொருத்தப்படுகிறது.

இதன் குறைகளை மறைப்பதற்கில்லை. அக்ரிலிக் தேய்கிறது, கறை படிகிறது, நீரை உறிஞ்சி நாளடைவில் நாற்றம் கொள்கிறது. முன்பற்கள் சட்டத்திலிருந்து பெயர்ந்து விழுவது அடிக்கடி நேரும் பழுது. விருந்தில் உட்கார்ந்திருக்கும்போது முன்பல் கையோடு வருவது சிறு பழுது என்று மருத்துவர் குறித்துக்கொள்வார். அணிந்திருப்பவருக்கு அது சிறிதல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பற்களைப் புதுப்பிக்க வேண்டிவரும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் விடுவதுதான் இம்மரபைப் பின்பற்றும் பலரிடம் காணும் பெரிய குற்றம். குறை அக்ரிலிக்கில் இருப்பதைவிட, அதை விற்கும் சொல்லில் அதிகமாக இருக்கிறது.

உலோகத்தின் மீது பீங்கான்

அக்ரிலிக்கின் தேய்மானத்துக்கு மாற்றாக உலோகச் சட்டத்தின் மேல் பீங்கானைச் சூளையில் சுட்டு ஏற்றும் முறை வந்தது. நிறமும் பளபளப்பும் நீண்ட நாள் மாறாமல் நின்றன. ஆனால் பீங்கான் வளையாது. உலோகம் இம்மியளவு வளைந்தாலும் மேலே உள்ள பீங்கான் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தை வாயிலேயே பிசின் கொண்டு பூசலாம், அது தற்காலிகமே. முறையாகச் சரிசெய்யப் பாலத்தைக் கழற்றி மீண்டும் சூளையில் வைக்க வேண்டும். பல ஆண்டுகள் உமிழ்நீரில் ஊறிய பீங்கானை மீண்டும் சுடும்போது புதிய விரிசல்கள் தோன்றும் ஆபத்து உண்டு. பழுது சிறியது, பழுதுபார்ப்பு பெரியது என்ற தலைகீழ் நிலை இது.

உலோகத்துக்குப் பதில் சிர்கோனியாவைச் சட்டமாக வைத்து அதன் மேல் பீங்கான் ஏற்றியபோது இச்சிக்கல் குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. சிர்கோனியா வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். சூளையிலிருந்து எடுத்ததும் வெளிப்புறம் விரைவாகவும் உட்புறம் மெதுவாகவும் குளிர்ந்ததால் பீங்கானுக்குள் இறுக்கம் தேங்கியது. சில்லு பெயர்வது அதிகரித்தது. மெதுவாகக் குளிர்விக்கும் முறை பிறகு பரிந்துரைக்கப்பட்டது. சட்டம் முன்பைவிட உறுதியானது. பாலமோ முன்பைவிட எளிதில் பழுதானது. ஒரு பகுதியின் வலிமை முழுத் தொகுதியின் வலிமை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒற்றைக்கட்டிச் சிர்கோனியா

சில்லு பெயர்வதற்கான விடையாகவே இன்று பரவலாகப் பேசப்படும் ஒற்றைக்கட்டிச் சிர்கோனியாப் பாலம் வந்தது. மேலே ஏற்றிய பீங்கானே இல்லையென்றால் பெயர்வதற்கு எதுவும் இல்லை. பல், ஈறு, சட்டம் அனைத்தும் ஒரே கட்டியிலிருந்து கடையப்பட்டு, நிறம் தீட்டப்பட்டு, சுமார் 1500 பாகை செல்சியசில் சுடப்படுகின்றன.

சிர்கோனியாவின் வலிமைக்குக் காரணம் அதன் படிக அமைப்பில் நிகழும் மாற்றம். விரிசல் ஒன்று நுழையும்போது அதன் முனையில் உள்ள படிகங்கள் நாற்கோண வடிவிலிருந்து ஒற்றைச்சரிவு வடிவுக்கு மாறி, கன அளவில் சுமார் 4 முதல் 5 விழுக்காடு விரிகின்றன. அந்த விரிவு விரிசலை நெருக்கி நிறுத்துகிறது. 1975இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகியோர் இத்தகைய சிர்கோனியா வகை ஒன்றைப் பற்றி நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பு, பீங்கானால் ஆன எஃகு இதுவா என்ற பொருளில் ஒரு கேள்விக்குறியோடு அமைந்திருந்தது. விளம்பர மொழிக்கு வந்தபோது அந்தக் கேள்விக்குறி காணாமல் போயிற்று.

சிர்கோனியாவின் நன்மைகள் உண்மையானவை. நன்கு மெருகூட்டிய சிர்கோனியாவில் அழுக்குப்படலம் எளிதில் ஒட்டாது. கறை படியாது. வடிவம் மாறாது. கடினமான பொருள் எதிர்ப்பல்லை அரைத்துவிடும் என்ற அச்சமும் பெரும்பகுதி தவறானது. மெருகூட்டிய சிர்கோனியா, பீங்கானைவிட எதிர்ப்பல்லின் எனாமலைக் குறைவாகவே தேய்க்கிறது. தேய்ப்பது கடினம் அல்ல, சொரசொரப்பு. மருத்துவர் கடியைச் சரிசெய்யத் தீட்டிய இடத்தை மீண்டும் மெருகூட்டாமல் விட்டால்தான் தீங்கு.

ஆனால் சிர்கோனியா என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு பொருட்கள் அடங்கியுள்ளன என்பது நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை. இட்ரியா என்ற சேர்மம் எவ்வளவு சேர்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறும். மூலக்கூறு அளவில் 3 விழுக்காடு இட்ரியா கொண்ட வகையின் வளைவு வலிமை 900 முதல் 1200 மெகாபாஸ்கல் வரை செல்லும். ஆனால் அது ஒளியை அதிகம் ஊடுருவ விடாது, சுண்ணாம்பு போல் வெளுத்துத் தோன்றும். 5 விழுக்காடு இட்ரியா கொண்ட வகை இயற்கைப் பல் போல் ஒளி ஊடுருவித் தோன்றும். ஆனால் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். விரிசலை நிறுத்தும் படிக மாற்றமும் அதில் பெருமளவு நடப்பதில்லை. விளம்பரத்தில் எண் முதல் வகையிலிருந்தும் படம் இரண்டாம் வகையிலிருந்தும் எடுக்கப்பட்டால் வாங்குபவர் இல்லாத ஒரு பொருளை வாங்குகிறார். இவ்விரண்டையும் அடுக்குகளாகச் சேர்த்த கட்டிகளும் உள்ளன. அவற்றில் எந்த அடுக்கு பாலத்தின் எந்தப் பகுதியில் அமைகிறது என்பதைப் பொறுத்தே வலிமை அமையும்.

அந்த எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வளைவு வலிமை சிறிய, வழவழப்பான, பழுதற்ற சட்டங்களிலோ வில்லைகளிலோ அளக்கப்படுகிறது. பாலத்தில் திருகாணிக்கான துளைகள் உள்ளன. துளையைச் சுற்றிச் சுவர் மெலிந்திருக்கும். கடைசி உள்வைப்புக்குப் பின்னால் தாங்கல் இல்லாமல் நீளும் தொங்கு பகுதி இருக்கும். முறிவுகள் பெரும்பாலும் கடைசித் துளைக்கு அருகிலேயே நிகழ்கின்றன. சுடும்போது கட்டி நீள அளவில் 20 முதல் 25 விழுக்காடு சுருங்கும். குதிரை லாட வடிவில் வளைந்த நீண்ட துண்டு அப்படிச் சுருங்கும்போது இம்மியும் கோணாமல் இருக்க வேண்டும். கோணிய பாலத்தைத் திருகாணியால் இழுத்து அமர்த்தினால் அது வாயில் ஏறும் முதல் நாளிலேயே இறுக்கத்தைச் சுமக்கத் தொடங்குகிறது.

சிர்கோனியாவை நேரடியாகத் திருகாணியால் இறுக்குவது குறைவு. உட்புறத்தில் டைட்டானியக் குழல்கள் ஒட்டப்பட்டு அவற்றின் வழியாகவே அது உள்வைப்போடு இணைகிறது. எனவே உலோகமே இல்லாத பாலம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பசையால் ஒட்டிய உலோகம் உள்ள பாலம்தான். அந்தப் பசை விடுவதும் அறியப்பட்ட பழுதுகளில் ஒன்று.

இடுப்பு மூட்டு கற்பித்த பாடம்

பல் மருத்துவத்துக்கு முன்பே சிர்கோனியா இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் தொடை எலும்பின் பந்தாகப் பயன்பட்டது. 2001இல், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் சில தயாரிப்புத் தொகுதிகளைச் சேர்ந்த பந்துகள் நோயாளிகளின் உடலுக்குள் எதிர்பாராத வேகத்தில் உடையத் தொடங்கின. அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சுடும் சூளையின் முறையில் செய்த மாற்றத்தோடு இப்பழுது தொடர்புபடுத்தப்பட்டது. மூலப்பொருள் அதே சிர்கோனியாதான். ஈரத்தில் மெல்ல மெல்லப் படிக வடிவம் மாறிப் பொருள் மூப்படையும் இயல்பு, சுடும் முறையைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும் என்பதை இந்நிகழ்வு உலகுக்குக் காட்டியது.

இதைக் கொண்டு பல் சிர்கோனியாவும் அப்படியே உடையும் என்று முடிவு கட்டுவது நேர்மையல்ல. சுமையும் வடிவமும் வேறு. இட்ரியா அதிகமுள்ள வகைகள் இவ்வாறு மூப்படைவதும் குறைவு. பாடம் இதுதான்: சிர்கோனியாவின் தரம் அதன் பெயரில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் கட்டி, எந்த ஆய்வகத்தின் சூளை, எவ்வளவு நேரம் சுட்டது என்ற விவரங்கள் இல்லாமல் சிர்கோனியா சிறந்தது என்ற கூற்றுக்கு, அரிசி சிறந்தது என்ற கூற்றுக்கு உள்ள பொருளே உண்டு.

அதிர்ச்சி தாங்கும் பொருட்கள் என்ற வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதே கண்டிப்போடு ஆராய வேண்டும். அக்ரிலிக் மென்மையானது, கடியின் அதிர்ச்சியைத் தாங்கி உள்வைப்பையும் எலும்பையும் காக்கிறது என்பது நெடுநாளைய வாதம். 1983இல் பொறியியலாளர் ரிச்சர்ட் ஸ்காலக் எழுதிய உயிர் இயந்திரவியல் கட்டுரை இக்கருத்துக்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தது. கோட்பாடு நியாயமாகத் தோன்றினாலும், பீங்கான் பாலங்களைத் தாங்கும் உள்வைப்புகளைச் சுற்றி எலும்பு கூடுதலாகக் கரைகிறது என்பதைப் பின்வந்த மருத்துவ ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. அக்ரிலிக்கை ஆதரிக்க வலுவான காரணம் அதைச் சரிசெய்வது எளிது என்பதே. அதிர்ச்சி தாங்கும் என்ற காரணத்தை முன்னிறுத்துவது நல்ல வழக்குக்குப் பலவீனமான சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதாகும்.

இதே வாதம் இப்போது பீக் என்ற உயர்திறன் நெகிழியோடு திரும்பி வந்துள்ளது. எலும்புக்கு நிகரான நெகிழ்வு என்ற சொற்றொடர் அதன் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. விறைப்பைக் குறிக்கும் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை தெளியும்:

- சிர்கோனியா: சுமார் 210 கிகாபாஸ்கல்
- டைட்டானியம்: சுமார் 110 கிகாபாஸ்கல்
- தாடையின் அடர் எலும்பு: சுமார் 14 கிகாபாஸ்கல்
- பீக்: சுமார் 4 கிகாபாஸ்கல்
- அக்ரிலிக்: சுமார் 2 முதல் 3 கிகாபாஸ்கல்

கரி இழை சேர்த்த பீக் எலும்பின் விறைப்பை எட்டக்கூடும். ஆனால் அது கறுப்பு நிறம், வேறொரு பொருள். இழை சேர்க்காத பீக் எலும்பைவிட அக்ரிலிக்குக்கு அருகிலேயே நிற்கிறது. சட்டம் அதிகம் வளைந்தால் அதன் மேல் ஒட்டிய பற்களும் திருகாணிகளும் அந்த வளைவை ஏற்க வேண்டும். பீக் வேதி வினைகளில் எளிதில் ஈடுபடாத பொருள் ஆதலால் அதன் மேல் எதையும் ஒட்ட வைப்பதே கடினம். அதன் எடை குறைவு, உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதவும் என்பவை உண்மையான நன்மைகள். எலும்பைப் போன்றது என்பது அவற்றுள் ஒன்றல்ல.

இடமும் எலும்பும்

பொருளைப் பற்றிய விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், நோயாளிக்கு மிக அதிகமாக விலை வைப்பதும் இடம் பற்றிய கேள்வி. ஒவ்வொரு பொருளுக்கும் உடையாமல் நிற்க ஒரு குறைந்தபட்சக் கனம் தேவை. டைட்டானிய-அக்ரிலிக் பாலத்துக்கு உள்வைப்பின் தலையிலிருந்து எதிர்ப்பல் வரை சுமார் 15 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஒற்றைக்கட்டிச் சிர்கோனியா சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டரில் அடங்கும்.

அண்மையில் பற்களை இழந்தவரின் தாடையில் இவ்வளவு இடம் இருக்காது. அப்போது எலும்பின் மேற்பகுதியைச் சீவி இடம் உண்டாக்கப்படுகிறது. லிஸ்பனின் பாலோ மாலோ குழுவினர் 2003இல் வெளியிட்ட, நான்கே உள்வைப்புகளில் முழுப் பல்வரிசையைத் தாங்கும் முறை உலகெங்கும் பரவிய பின் இப்பழக்கமும் பரவியது. பின்புற உள்வைப்புகளைச் சாய்த்துப் பதிக்கும் அம்முறை, எலும்பு ஏற்கெனவே கரைந்துபோனவர்களுக்கு எலும்பு ஒட்டும் அறுவை இல்லாமல் பல் தந்தது. அது பெரும் நன்மை. ஆனால் எலும்பு நிறைய உள்ளவருக்கும் அதையே பொது விதியாக்கி, பாலத்தின் கனத்துக்காக நல்ல எலும்பைச் சீவுவதும், காக்கக்கூடிய பற்களைப் பிடுங்குவதும் வேறு விஷயம்.

பாலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சீவிய எலும்பு திரும்ப வராது. பொருள் என்ற கேள்வி அறுவைக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி என்பது இதிலிருந்து பெறப்படும். நடைமுறையிலோ, உள்வைப்பு பதித்து ஆறு மாதம் கழித்து, அக்ரிலிக் வேண்டுமா சிர்கோனியா வேண்டுமா என்று விலைப்பட்டியலை நீட்டும் வழக்கமே மிகுதி. அதற்குள் எலும்பின் உயரம் முடிவாகிவிட்டிருக்கும். தேர்வு என்பது பெயரளவில்தான்.

வெற்றி எண்களைப் படிப்பது

இத்துறையின் புள்ளிவிவரங்களிலும் ஒரு சொற்சிக்கல் உண்டு. கோதன்பர்க் குழுவினர் 1981இல் வெளியிட்ட பதினைந்தாண்டு ஆய்வறிக்கை 371 நோயாளிகளின் 410 தாடைகளில் பதித்த 2768 உள்வைப்புகளைப் பற்றியது. 5 முதல் 9 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட குழுவில், மேல்தாடையில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் உள்வைப்புகள் நிலைத்தன. பாலங்கள் தொடர்ந்து நிலைத்திருந்த அளவு மேல்தாடையில் 89, கீழ்த்தாடையில் 100 விழுக்காடு. இவ்வறிக்கைதான் உலகை ஏற்க வைத்தது.

ஆனால் பாலம் நிலைத்தது என்பதற்கும் பாலம் பழுதாகவில்லை என்பதற்கும் இடைவெளி உண்டு. ஐந்து முறை பல் பெயர்ந்து ஐந்து முறை ஒட்டிய பாலமும் வாயில் இருக்கும் வரை நிலைத்த பாலம்தான். அக்ரிலிக் ஆதரவாளர்கள் நிலைத்த விழுக்காட்டைக் காட்டிப் பழுதுகளை மறைக்கலாம். சிர்கோனியா ஆதரவாளர்கள் சில ஆண்டுகளே ஆன ஆய்வுகளில் பழுது இல்லாததைக் காட்டி, நேரும்போது அது மொத்தமாக நேரும் என்பதை மறைக்கலாம். இரண்டிலும் எண் பொய்யல்ல, கேள்விதான் மாறிப்போகிறது. நோயாளி கேட்க வேண்டியது, பத்தாண்டில் எத்தனை முறை மருத்துவரிடம் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு செலவு, அதுவரை வாயில் என்ன இருக்கும் என்பதே.

எதிர்த்தாடையில் இருப்பது

ஒரு தாடைக்கு மட்டும் பாலம் செய்யும்போது மறுதாடையில் என்ன இருக்கிறது என்பது பொருளைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெற வேண்டும்.

- எதிரில் கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் கடியின் விசை குறைவு. அக்ரிலிக் பாலமே நெடுநாள் உழைக்கும்.
- எதிரில் இயற்கைப் பற்கள் இருந்தால் அக்ரிலிக் விரைவில் தேயும். நன்கு மெருகூட்டிய சிர்கோனியா பொருத்தமாகலாம்.
- இரு தாடையிலும் சிர்கோனியா இருந்தால் விட்டுக்கொடுக்கும் பகுதியே இல்லை. கடிக்கும்போது தட்டுகளை மோதியதைப் போன்ற ஓசை எழுவதும் உண்டு. ஒரு தாடையிலாவது பழுதுபார்க்கக்கூடிய பொருள் இருப்பது நன்று.
- தூக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் இருந்தால் எந்தப் பொருளும் தனித்து விடையாகாது. இரவில் அணியும் காப்புத் தட்டு அவசியம்.

இவற்றோடு வடிவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலத்தின் அடிப்பகுதி குழிந்து ஈறைக் கவ்வி அமர்ந்தால் உணவு அங்கே தேங்கும். எப்பொருளாலும் அதைத் தடுக்க முடியாது. அடிப்பகுதி குவிந்து, நூலும் தூரிகையும் நுழைய இடமிருந்தால் அக்ரிலிக்கும் சுத்தமாக இருக்கும்.

மாற்று அளவுகோல்

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், முழுத்தாடைப் பாலத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். முதலில் பழுதாகும் பகுதி எது? அதை மட்டும் தனியே மாற்ற முடியுமா? மாற்றும்போது எலும்பும் உள்வைப்பும் பாதிக்கப்படாமல் இருக்குமா?

இந்த அளவுகோலில் கவனிக்கத்தக்கது லிஸ்பன் குழுவினர் பயன்படுத்திய ஓர் அமைப்பு: டைட்டானியச் சட்டத்தின் மேல் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனிப் பீங்கான் உறை. ஓர் உறை உடைந்தால் அதை மட்டும் புதிதாகச் செய்து ஒட்டலாம். செய்வது கடினம், விலையும் அதிகம். ஆனால் பழுது ஒரு பல்லோடு நிற்கிறது. டைட்டானியச் சட்டத்தின் மேல் சிர்கோனியாப் பல்வரிசையை ஒட்டும் இன்றைய முறைகளும் அதே திசையில் செல்கின்றன. ஒற்றைக்கட்டிச் சிர்கோனியாவும் ஒரு நிபந்தனையோடு இதில் தேறும்: அதைக் கடைந்த கணினிக் கோப்பு பத்திரமாக இருந்து, உள்வைப்பின் இணைப்புகள் மாறாமல் இருந்தால், உடைந்த பாலத்துக்கு ஈடாக அதே வடிவில் மற்றொன்றை அளவெடுக்காமலே கடையலாம். கோப்பு இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. அதுபோல, முதலில் அக்ரிலிக் தற்காலிகப் பாலத்தைச் சில மாதங்கள் அணிந்து, எங்கே தேய்கிறது, எங்கே உடைகிறது என்று பார்த்த பிறகு இறுதிப் பாலத்தின் பொருளை முடிவு செய்யும் பழைய வழக்கம் இன்றும் மதிப்பு இழக்கவில்லை. அந்தத் தேய்மானம் அந்த ஒரு நோயாளியின் கடியைப் பற்றிய நேரடிச் சான்று.

நிரந்தரப் பல் என்ற சொல்லை இத்துறை கைவிடுவது நல்லது. நிரந்தரமாக இருக்க வேண்டியது எலும்பும், இயன்றவரை உள்வைப்பும். பாலம் பராமரிப்பு தேவைப்படும் ஒரு கருவி. வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதித் தரப்படும் தாளிலும் அது எதற்கு என்று படித்துப் பார்க்க வேண்டும். பொருளுக்கு மட்டும் உத்தரவாதம் தந்து, கழற்றிப் பொருத்தும் கட்டணத்தையும் ஆய்வகக் கூலியையும் விட்டுவிட்ட தாள் வாழ்நாள் முழுவதற்கும் உதவாது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பதிவு இருக்க வேண்டும்: உள்வைப்பின் நிறுவனமும் அளவும், திருகாணியின் வகை, அதை இறுக்க வேண்டிய விசை, பாலத்தின் பொருளும் அதன் வகையும், பல்லின் நிற எண், கணினிக் கோப்பு இருக்கும் இடம். பத்தாண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் அந்தப் பாலத்தைக் கழற்ற நேரும்போது, அது எவ்வளவு உறுதியானது என்பதை அவர் கேட்கப் போவதில்லை. எந்தத் திருப்புளி பொருந்தும் என்பதையே முதலில் கேட்பார்.